கடவுளா, காகிதமா?

ஜப்பானில் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பொது மண்டபம் ஒன்று இருக்கும். 'கோமின்கான்' என்று அதற்குப் பெயர். யுத்தத்தில் தோற்று, நகரங்கள் பல சாம்பலாகிக் கிடந்த சமயத்தில், ஜனங்கள் கூடிப் பேசவும் படிக்கவும் ஊருக்கு ஓர் இடமாவது வேண்டும் என்று 1946-ல் சர்க்கார் எடுத்த முடிவின் பலன் அது. ஓர் அறையில் பெண்கள் பூ அலங்காரம் பழகுவார்கள். இன்னோர் அறையில் கிழவர்கள் 'ஷோகி' என்ற சதுரங்கத்தில் மூழ்கியிருப்பார்கள். பியானோ உள்ள அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வரும்.

அந்தப் பாட்டு அறையை எட்டிப் பார்க்க வேண்டும். கடையைச் சற்று முன்னதாகவே சாத்திவிட்டு வந்த வியாபாரி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், பாங்கி குமாஸ்தா, பேரன் பேத்தி எடுத்த பாட்டிமார் என்று முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் இசைப் புத்தகம், ஒரு பென்சில். யாரும் வித்வான் அல்ல. சம்பளமும் கிடையாது. மாதச் சந்தா கட்டிப் பாட வருகிறவர்கள். கச்சேரி என்று வந்துவிட்டால், ஆளுக்கு இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும் என்ற கெடுபிடி வேறு!

இவர்கள் பாடுவது சினிமாப் பாட்டு அல்ல. ஹாண்டெலின் 'மேசியா'வாக இருக்கலாம். பாக் இசையமைத்த இயேசுவின் திருப்பாடுகளாக இருக்கலாம். வேஷமோ நடிப்போ இல்லாமல், வேத வாசகத்தைக் குரல்களாலேயே நாடகமாக்கும் பெரிய சங்கீதம் அது. இப்படிப்பட்ட குழுக்கள் ஜப்பானில் ஏராளம். அவற்றில் சில குழுக்களிடம் மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அவை ஜெர்மனிலோ இங்கிலீஷிலோ பாடுவதில்லை. சொந்த பாஷையில், ஜப்பானிய மொழியில் பாடுகின்றன.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, கையசைத்து நடத்துகிறவர் சட்டென்று நிறுத்துவார். நீங்கள் பாடியது கடவுளை அல்ல, காகிதத்தை என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு பென்சிலை எடுத்துப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். ஜப்பானிய மொழியில் கடவுளுக்கு 'காமி' என்று பெயர். காகிதத்துக்கும் 'காமி'தான். தலைமயிருக்கும் அதே சொல். டோக்கியோப் பேச்சில் முதல் எழுத்தை உயர்த்தி இரண்டாவதைத் தாழ்த்தினால் கடவுள். முதலெழுத்தைத் தாழ்த்தி இரண்டாவதை உயர்த்தினால் காகிதம் அல்லது தலைமயிர். 'அமே' என்ற சொல்லும் அப்படியே. ஒருவிதமாகச் சொன்னால் மழை, மறுவிதமாகச் சொன்னால் மிட்டாய். பேச்சிலேயே ஒரு மெட்டு இருக்கிறது. அந்த மெட்டுக்கு எதிராகப் பாட்டின் மெட்டு ஏறினால், பாடுகிறவர் "ஆண்டவரே" என்று உருகும் இடத்தில் கேட்கிறவர் காதில் கடுதாசி விழுகிறது!

இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் மெட்டுப் போட்டவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்க நியாயமில்லை.

மூன்று ஸ்வரத்தில் ஏழு மாத்திரை

சங்கடம் இதோடு முடிந்துவிடவில்லை. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் இலக்கணக்காரர்கள் செய்வதுபோல மாத்திரை மாத்திரையாக அளந்துவிடலாம். பாட்டில் ஒரு மாத்திரைக்கு ஒரு ஸ்வரம் என்பது பொதுவான வழக்கம். 'தேவ ஆட்டுக்குட்டி' என்பதை இங்கிலீஷில் மூன்றே அசையில், மூன்று ஸ்வரத்தில் சொல்லிவிடுகிறார்கள். அதையே ஜப்பானியத்தில் சொன்னால் 'காமி நோ கொஹித்ஸுஜி'. எண்ணிப் பார்த்தால் ஏழு மாத்திரை! மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேரை உட்கார வைக்க வேண்டும். ஜெர்மன்காரன் 'நான்' என்பதை ஓர் அசையில் முடிக்கிறான். ஜப்பானியனுக்கு அது 'வதாஷி'. மரியாதையாகச் சொன்னால் 'வதாகுஷி', நான்கு மாத்திரை.

மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார், பாவம்! நீண்ட ஸ்வரம் ஒன்றை இரண்டாக உடைப்பார். இல்லாவிட்டால் சொல்லைக் குறைப்பார். அடைமொழிகள் முதலில் பலியாகும். சில சமயம் வாக்கியத்தில் பாதியே போய்விடும்.

வாக்கிய அமைப்பும் ஒத்துவராது. ஜப்பானியத்திலும் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். ஐரோப்பிய பாஷைகள் பலவற்றில் அது முன்னாலேயே வந்து நிற்கும். 'மகிழுங்கள்' என்ற சொல் முதலில் வருகிறது என்று எண்ணி இசைப் புலவர் அங்கே ஸ்வரங்களை அருவிபோல் கொட்டியிருப்பார். ஜப்பானியத்தில் அந்த இடத்துக்கு ஒரு வேற்றுமை உருபு வந்து மாட்டிக்கொள்ளும். '-இல்' என்றும் '-உடைய' என்றும் ஒரு பாகவதர் முழு மூச்சோடு பிருகா விட்டால் எப்படி இருக்கும்?

இத்தனை தொல்லை எதற்கு, மூல பாஷையிலேயே பாடிவிட்டுப் போகலாமே என்பது ஒரு கட்சி. சொல்லப் போனால் இன்று ஜப்பானில் அந்தக் கட்சிதான் பெரிது. யுத்தத்துக்குப் பிந்திய காலத்தில் அமெச்சூர் பாடகர் குழுக்கள் காளான்போல் முளைத்தன. அகில ஜப்பான் பாடகர் குழுச் சம்மேளனம் 1948-ல் ஏற்பட்டது. அக்காலத்தில் பெரிய படைப்புகளை ஜப்பானிய மொழியில் பாடுவது சகஜமாக இருந்தது. ஃபாஸ்டரின் அமெரிக்கப் பாட்டுகளை ஜப்பானியர் நாவில் தவழவிட்ட ட்சுகாவா ஷுயிச்சி போன்றவர்கள் கோரஸ் பாட்டுகளையும் நிறைய மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். நாளாவட்டத்தில் இசைத்தட்டுகள் பெருகின. ஐரோப்பாவில் படித்துத் திரும்பியவர்களும் பெருகினார்கள். ஜெர்மனில் பாடினால் உயர்ந்த சங்கீதம், ஜப்பானியத்தில் பாடினால் கற்றுக்குட்டிச் சங்கீதம் என்று ஓர் எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது.

எழுத்துக் கூட்டும் ஜெர்மன்

மூல பாஷையில் பாடுவதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுஸுகி மஸாஆகி 1990-ல் நிறுவிய 'பாக் கொலீஜியம் ஜப்பான்' என்ற குழு, பாக்கின் தேவாலயப் பாட்டுகள் எல்லாவற்றையும் 1995 முதல் 2013 வரை விடாமல் ஒலிப்பதிவு செய்து முடித்தது. எல்லாம் ஜெர்மன் மொழியில்தான். ஐரோப்பியர்களே அதை மெச்சிக் கேட்கிறார்கள். ஆனால் அது தொழில்முறை வித்வான்களின் குழு. கோமின்கான் மாடியில் பாடும் பாட்டிமாரின் நிலைமை வேறு.

அவர்கள் ஜெர்மனில் பாட வேண்டுமானால், ஸ்வரத்துக்குக் கீழே 'கதகானா' எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொண்டு உருப்போட வேண்டும். மெய்யெழுத்துகள் சேர்ந்து வரும் சொல் ஜப்பானியர் வாயில் நுழையாது. 'ல'வுக்கும் 'ர'வுக்கும் அவர்கள் வித்தியாசம் பாராட்டுவதில்லை. 'கிறைஸ்ட்' என்ற ஓரசைச் சொல் அங்கே 'கிரிஸுதோ' ஆகிவிடும்.

1985-ல் டோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில், மல்யுத்தம் நடக்கும் கொகுகிகான் அரங்கில், ஐயாயிரம் பேர் சேர்ந்து பீத்தோவனின் ஒன்பதாவது ஸிம்பனியைப் பாட ஏற்பாடாயிற்று. அந்த வட்டாரத்து கெய்ஷாப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். ஜெர்மன் சொற்கள் மனத்தில் நிற்கவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆனந்தம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை 'ஃபுரோ இதே' என்று ஜப்பானியச் சொற்களாக்கி எழுதிக்கொண்டார்கள். குளித்துவிட்டு வெளியே வந்து என்று அர்த்தம்! இப்படியே பாட்டு முழுவதும். சத்தம் ஜெர்மனாக ஒலிக்கும். பாடுகிறவள் மனத்தில் குளியலறை இருக்கும். அந்தப் பெண்களின் சாமர்த்தியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மனித குலமே சகோதரர் என்று பாடும் இடத்தில் வெந்நீர்த் தொட்டி குறுக்கிடலாமா?

ஒன்பதாவது ஸிம்பனி தெய்வப் பாடல் அல்ல. கூடிப் பாடுகிற குதூகலமே அதற்குப் போதும் என்று விட்டுவிடலாம். இயேசு சிலுவை சுமந்து செல்லும் கட்டத்தைப் பாடும்போது அப்படி விட முடியுமா? அந்தக் கட்டத்தில் கூட்டம் "சிலுவையில் அறையும்!" என்று கூவுகிறது. கூவுகிறவர்கள் பாடகர் குழுவினரே. அடுத்த நிமிஷமே அதே குழு நின்று, அந்தப் பாவத்தைச் செய்தது வேறு யாருமல்ல, நானே என்று அழுகிறது. தன் வாயிலிருந்து என்ன வார்த்தை வருகிறது என்று தெரியாதவன் எதற்காக அழுவான்?

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான் இருப்பார்கள். ஆகவே இக்குழுக்களில் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் பெளத்தக் கோயிலில் ஈமக்கடன் செய்கிற, புத்தாண்டன்று ஷிண்டோ ஆலயத்துக்குப் போகிற சாமானிய ஜனங்கள். சிறு வயதிலிருந்து விவிலியம் கேட்டு வளர்ந்தவனுக்கு லத்தீனில் பாடினாலும் ஜெர்மனில் பாடினாலும் கதை தெரியும். இவர்களுக்கு வாசகம்தான் கதை. அது புரியாவிட்டால் எல்லாமே வெறும் சத்தம்.

முத்துக்குளித்துறையிலிருந்து ககோஷிமாவுக்கு

இந்த வழக்கு ஜப்பானில் நேற்றுத் தோன்றியதல்ல. அதைத் தொடங்கி வைத்தவர் தமிழ்நாட்டுக்கும் தெரிந்தவரே. சவேரியார் என்று தென்பாண்டிக் கடற்கரை அழைக்கும் பிரான்சிஸ் சேவியர், 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவுடன் செய்த முதல் காரியம், இரு பாஷையும் தெரிந்தவர்களைப் பிடித்து ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்ததுதான். அதை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்துத் தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

1549 ஆகஸ்ட் 15-ல் ககோஷிமாவில் கரையிறங்கியவுடன் அங்கும் அதையே செய்தார். கடவுளுக்கு ஜப்பானியப் பெயர் என்ன என்று கேட்டார். உடன் வந்த அஞ்சிரோ என்ற ஜப்பானியர் சொன்னபடி, 'தைநிச்சி' என்ற சொல்லை வைத்துப் பிரசங்கம் செய்தார். அது பெளத்தத்தில் ஒரு பிரிவினர் வணங்கும் புத்தரின் பெயர் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. உடனே அதைக் கைவிட்டு 'தேவுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கே போனார். பிக்குகள் சும்மா இருப்பார்களா? அது தேவுஸ் அல்ல, 'தை உஸோ' என்று கேலி செய்தார்கள். பெரும் பொய் என்று அர்த்தம்! சொந்த பாஷையில் சொன்னால் பொருள் மாறுகிறது, அந்நிய பாஷையில் சொன்னால் பரிகாசமாகிறது. இன்றைய பாடகர் குழுக்களின் தலைவலி அன்றே ஆரம்பமாகிவிட்டது.

பிறகு சங்கீதம் வந்தது. 1582-ல் நாகசாகியிலிருந்து புறப்பட்ட நான்கு ஜப்பானிய இளைஞர்கள் கோவா வழியாக ஐரோப்பாவுக்குப் போய், போப்பாண்டவரைக் கண்டு, ஓர் அச்சு யந்திரத்தோடு 1590-ல் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, நாட்டை ஆண்டுவந்த ஹிதெயோஷியின் முன்னிலையில் மேனாட்டு வாத்தியங்களை வாசித்துக் காட்டினார்கள். 1605-ல் நாகசாகியில் அச்சான பாதிரிமார் கைப்புத்தகம் ஒன்றில் 19 லத்தீன் கீதங்கள் ஸ்வரக் குறிப்போடு, கறுப்பும் சிவப்புமாக இரண்டு வர்ணத்தில் அச்சிடப்பட்டன. 1614-ல் நாடு முழுவதும் தடை வந்து, எல்லாம் நின்றுபோயிற்று.

எல்லாமா? இல்லை. இங்கேதான் மூலபாஷைக் கட்சிக்காரர்களுக்கு மிகப் பலமான சாட்சி கிடைக்கிறது.

நாகசாகிக்கு அப்பாலுள்ள இகித்சுகி தீவில், தலைமறைவாக வாழ்ந்த கிறிஸ்தவர்கள் 'ஒராஷோ' என்ற ஜெபங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காதும் வாயுமாகவே காப்பாற்றி வந்தார்கள். 1952-ல் மத்தியகாலச் சங்கீதத்தைப் பாடுவதற்கென்றே டோக்கியோவில் ஓர் அமெச்சூர் குழுவை ஏற்படுத்திய மினாகாவா தத்சுவோ என்ற சங்கீத ஆராய்ச்சியாளர், 1975-ல் அத்தீவுக்குப் போனார். அங்கு அவர் கேட்ட பாட்டுகளில் ஒன்று 'குருயோஸா'. பாடினவர்களுக்கே அதன் பொருள் தெரியாது. 'மகிமை நிறைந்தவளே' என்று மாதாவைப் புகழும் லத்தீன் கீதம் சிதைந்து அப்படி ஆகியிருக்கிறது என்று அவர் கண்டார். ஆனால் ஐரோப்பாவில் பிரபலமாயிருந்த மெட்டு அதற்குப் பொருந்தவில்லை. நூலகம் நூலகமாகத் தேடினார். 7 ஆண்டுகள் கழித்து, 1982-ல், மாட்ரிட் நகரத்து நூலகத்தில், 16-ம் நூற்றாண்டு ஸ்பானியப் பாட்டுப் புத்தகம் ஒன்றில் அந்த மெட்டு அகப்பட்டது. ஸ்பெயின் நாட்டில் ஒரு பகுதியில் மட்டும் வழங்கிய மெட்டு, ஜப்பான் தீவொன்றில் மீனவர்களின் வாயில் பிழைத்துக் கிடந்தது!

பொருள் தெரியாமலே ஒரு பாட்டு இத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்றால், புரிந்து பாட வேண்டும் என்று வற்புறுத்துவானேன் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே.

ஆனால் அந்த மனிதர்கள் லத்தீனை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கவில்லை. ஒராஷோவில் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில் உள்ளது. நாகசாகிப் பக்கத்துக் கிராமங்களில் அவர்கள் கையால் பிரதியெடுத்து ஒளித்து வைத்திருந்தவற்றில் 1603-ம் ஆண்டுச் சிறு நூல் ஒன்று முக்கியமானது. பாவத்துக்காக உள்ளம் நொந்து வருந்துவது எப்படி என்று சொல்லும் நூல் அது. பாவமன்னிப்பு அளிக்கப் பாதிரியார் இல்லாத இடத்திலும், உண்மையாக வருந்தினால் கடவுள் மன்னிப்பார் என்பது அதன் சாரம். ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துவின் உருவத்தைக் காலால் மிதித்துக் காட்டும்படி அதிகாரிகளால் நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் அவர்கள். வீடு திரும்பியதும் அவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வாசகம் அது. அது ஜப்பானியத்தில் இருந்தது. புரிந்தது. 1865-ல் நாகசாகியின் ஊரா மாதா கோயிலில் பிரெஞ்சுப் பாதிரியார் முன் அவர்கள் மீண்டும் வெளிப்பட்டபோது, அவர்களைத் தாங்கி வந்தது மெட்டு மட்டும்தானா, அல்லது இந்த வாசகமுமா என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

காதல் பாட்டு வேதமான கதை

மூலபாஷைக் கட்சியின் இன்னொரு வாதம் சாஸ்திர ரீதியானது. சொல்லும் ஸ்வரமும் உடலும் உயிரும்போல் இணைந்தவை, பிரித்தால் பாவம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இசைப் புலவர்களே அப்படி நினைக்கவில்லையே!

ஹாண்டெல் 1741-ல் 24 நாட்களில் 'மேசியா'வை எழுதி முடித்தார். ஒரு குழந்தை நமக்குப் பிறந்தது என்று குதூகலிக்கும் அதன் புகழ்பெற்ற கோரஸ், அதே ஆண்டில் சில வாரங்களுக்கு முன் அவர் எழுதிய இத்தாலியக் காதல் பாட்டின் மெட்டு. காதலையும் அழகையும் நம்பமாட்டேன் என்று ஊடுகிற பாட்டு அது. இத்தாலிய ஊடலை எடுத்து இங்கிலீஷ் வேதவாக்கியத்தில் பொருத்திவிட்டார் அந்த ஜெர்மன்காரர். பாக்கும் சளைத்தவரல்ல. 1734-ல் அவர் இயற்றிய கிறிஸ்துமஸ் பாட்டின் ஆரம்பக் கோரஸ், முந்தின ஆண்டு ஒரு ராணியின் பிறந்த நாளுக்காகச் செய்த வாழ்த்துப் பாட்டு. திருப்பாடுகளில் கேட்பவர் நெஞ்சைப் பிழியும் அந்தப் பிரசித்தமான பல்லவி மெட்டு, 1601-ல் ஹாஸ்லர் என்பவர் ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்குவதாகப் போட்ட மெட்டு.

மோஸார்ட் 1789-ல் வியன்னாக்காரர்களுக்காக 'மேசியா'வை ஜெர்மன் மொழியில் பாடும்படி மாற்றி அமைத்தார். மெண்டல்ஸன் ஜெர்மன் வாசகத்துக்கு அமைத்த 'எலியா', 1846-ல் முதன்முதலாக அரங்கேறியது பர்மிங்ஹாமில், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில்! இங்கிலீஷ்காரன் தன் பாஷையில் கேட்கலாம், வியன்னாக்காரன் தன் பாஷையில் கேட்கலாம், நாகோயாக்காரன் மட்டும் கேட்கக்கூடாது என்றால் இது எந்த ஊர் நியாயம்?

ஒரு வித்தியாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெர்மனும் இங்கிலீஷும் தாயாதிகள். ஜப்பானியம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆகவே பெயர்ப்பு மிகக் கடினம். பாட்டின் அழகில் கொஞ்சம் சேதாரம் ஆகத்தான் செய்யும். தங்கத்தை உருக்கி வேறு நகை செய்தாலும் சேதாரம் உண்டு. அதற்காக யாரும் நகை செய்யாமலிருப்பதில்லை.

சேதாரமே இல்லாமல் செய்ய முடியாதா என்று முயன்றவர் ஒருவர் உண்டு. தகாதா ஸபுரோ, 1913-ல் நாகோயாவில் பிறந்து 2000-ல் காலமானவர். 1953-ல் கத்தோலிக்கரானார். 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கம், அந்தந்த நாட்டு மொழியில் பூசை நடத்தலாம் என்று வழிவிட்டபோது, ஜப்பானிய வாசகத்துக்கு மெட்டுப் போடும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் ஐரோப்பிய மெட்டில் ஜப்பானியச் சொல்லைத் திணிக்கவில்லை. பழைய கிரிகோரியக் கீதம் லத்தீன் பேச்சைப் பின்தொடர்வதுபோலவே, ஜப்பானியப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்து மெட்டுப் போட்டார். அவர் கையில் கடவுள் கடவுளாகவே இருந்தார், காகிதமாகவில்லை. ஜப்பானியப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை மதித்து மெட்டுப் போடும் வழியை அவருக்கு முன்பே யமதா கொஸாகு காட்டியிருந்தார். 1927-ல் அவர் செய்த 'சிவப்புத் தும்பி'யைப் பாடாத ஜப்பானியக் குழந்தை இல்லை எனலாம்.

தகாதாவின் 'நீரின் உயிர்' 1964-ல் வந்தது. மழை, குட்டை, ஆறு, கடல் என்று தண்ணீரின் பயணத்தைச் சொல்லும் கோரஸ் அது. பூசைப் பாட்டு அல்ல. ஆனாலும் அதை ஒரு ஜெபம்போலப் பாடுகிறார்கள். ஜப்பானில் அதைப் பாடாத அமெச்சூர் குழுவைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாஷை புரிந்தால் மதம் குறுக்கே நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

தகாதாவின் பாட்டுகளைப் பாடிவிட்டுப் பாக்கையும் ஹாண்டெலையும் ஜெர்மன்காரர்களுக்கே விட்டுவிடலாமே என்றும் சிலர் சொல்வதுண்டு. அதுவும் சரியல்ல. பெரிய படைப்புகள் பிறந்த ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. அவற்றை வீட்டுக்கு அழைத்து, வீட்டுப் பாஷையில் பேச வைக்க வேண்டும். கொஞ்சம் கொச்சையாகப் பேசினாலும் பரவாயில்லை.

ஆனால் வீட்டுப் பாஷை எது? இங்கே ஜப்பானியப் பாடகர் குழுக்கள்மீதும் ஒரு குறை உண்டு. பழைய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் கிரந்த நடையில், இன்று யாரும் பேசாத இலக்கிய ஜப்பானியத்தில் அமைந்தவை. 1903-லும் 1931-லும் 1954-லும் வெளிவந்த புராட்டஸ்டண்ட் கீதப் புத்தகங்கள் அந்த நடையில் ஊறியவை. 1997-ல் வந்த புதிய புத்தகம் பேச்சு நடைக்குப் பெருமளவு இறங்கி வந்தது. முதியவர்களுக்கு அது ருசிக்கவில்லை. கத்தோலிக்கரிடையிலும் 2022 நவம்பர் 27-ல் பூசை வாசகம் மாறியது. 'இரங்கும்' என்று மன்றாடிய இடத்தில் 'அன்பு காட்டும்' என்ற பொருளுள்ள சொல் வந்தது. மாத்திரை மாறியதால் மெட்டும் மாற வேண்டியதாயிற்று. பல வருஷம் பாடிப் பழகிய மெட்டைக் கைவிடுவது லேசான காரியமா? மனம் நொந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் வாசகம் ஜனங்கள் பேசும் பாஷையில் இருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டவர்கள், ஜனங்களின் பேச்சு மாறும்போது வாசகமும் மாறும் என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். 'மேசியா'வுக்கும் திருப்பாடுகளுக்கும் அவ்வாறே இன்றைய நடையில் புதுப் பெயர்ப்புகள் தேவை. பேரன் காதில் ஏறாத பாட்டைத் தாத்தா எத்தனை நாள் பாடிக்கொண்டிருப்பார்?

இந்தக் கேள்வி வெறும் பேச்சலங்காரமல்ல. அந்தக் குழுக்களில் தலை நரைத்தவர்களே அதிகம். 2020-ல் கொரோனா வந்தபோது, வாய் திறந்து பாடுவதே ஆபத்து என்றாகி, மண்டபங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு அகில ஜப்பான் பாட்டுப் போட்டியே நடக்கவில்லை. பிறகு முகமூடி அணிந்து, எட்ட எட்ட நின்று பாடிப் பார்த்தார்கள். சில குழுக்கள் மீண்டன. சில மீளவேயில்லை. எஞ்சியிருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் ஜப்பானியத்தில் பாடுவது உயர்ந்த ரகமல்ல என்று விமரிசகர்கள் மூக்கைச் சுளித்தால், இருக்கிற பாட்டியும் வீட்டோடு நின்றுவிடுவாள்.

விமரிசகர்கள் ஒரு சிறு சோதனை செய்யலாம். ஜெர்மனில் பாடும் கச்சேரியில், மேடையை விட்டு ஜனங்களைப் பார்க்கட்டும். பாதிப் பேர் தலை குனிந்து, மங்கிய வெளிச்சத்தில், அச்சடித்துக் கொடுத்த பொழிப்புரையைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். சில இடங்களில் இப்போது மேடைக்கு மேலே எழுத்து ஓடுகிறது. அப்போது எல்லாரும் சினிமாப் படத்தில் பெயர் படிப்பதுபோல அண்ணாந்து பார்க்கிறார்கள். ஜப்பானியத்தில் பாடும் கச்சேரிக்கும் ஒரு தடவை வரட்டும். அங்கே ஜனங்கள் பாடுகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

சரி, அந்தப் பென்சில் குறிப்பு என்ன? பாக்கின் மெட்டை மாற்ற யாருக்கும் துணிவு இல்லை, மாற்றவும் கூடாது. மெட்டு மேலே ஏறத்தான் செய்யும். 'கா' தாழ்ந்து 'மி' உயரத்தான் செய்யும். ஆகவே ஏறும்போதே 'கா'வைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லி, 'மி'யை மெதுவாக விட்டுவிட வேண்டும். சுருதி ஒரு பக்கம் இழுத்தாலும் அழுத்தம் சொல்லைக் காப்பாற்றிவிடும். 'கா'வின் தலையில் ஒரு சிறு கூரை போலப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, நாற்பது பேரும் அதே வரியை மறுபடி எடுக்கிறார்கள்.